சார்ல்ஸ்டன் மாதிரிப் பழைய ஊரில் குடியிருக்கலாமா, இரண்டு நாள் சுற்றிப் பார்த்தால் போதுமா?

கேள்வி இதுதான்: "கணவருக்கு அமெரிக்காவில் தென் கரோலைனா மாநிலம் சார்ல்ஸ்டனில் வேலை. பழைய ஊர், ரொம்ப அழகு என்கிறார்கள். குடியிருக்க லாயக்கா, சுற்றிப் பார்க்க மட்டும்தானா?"

மேலே ஒருவர் "முந்நூறு வருஷமெல்லாம் ஒரு பழசா? எங்க ஊர்க் குளத்துப் படிக்கட்டுக்கே அதைவிட வயசு ஜாஸ்தி" என்று எழுதி ஏகப்பட்ட ஆதரவு வாக்கு அள்ளியிருக்கிறார். அது பொறுக்காமல்தான் எழுதுகிறேன். நானும் கும்பகோணத்துக்காரன்தான் ஐயா. போன புதிதில் இதே வசனத்தை ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன். 2017 முதல் 2021 வரை அங்கே குடியிருந்தேன், அது ஒன்றுதான் என் தகுதி. வரலாற்று வாத்தியார் இல்லை.

உங்கள் கணவருக்கு விமானத் தொழிற்சாலைப் பக்கம்தான் வேலை என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் எல்லாரும் உங்களிடம் சொல்லப்போவது, "நார்த் சார்ல்ஸ்டனிலோ சம்மர்வில்லிலோ புது அபார்ட்மென்ட் எடுங்க, பார்க்கிங் உண்டு, நீச்சல் குளம் உண்டு". நல்ல யோசனை. நான் கேட்கவில்லை. ஆஷ்லி, கூப்பர் என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ஊருக்குள்தான் வீடு வேண்டும் என்று அடம்பிடித்தேன். (அந்த இரண்டு ஆறும் சேர்ந்துதான் அட்லாண்டிக் கடலே உண்டாகிறது என்று உள்ளூர்க்காரர்கள் ஜோக்கடிப்பார்கள். காவிரியைப் பற்றி நாம் அடிக்கும் பெருமை எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.)

அடம்பிடிக்கக் காரணம் அந்த வீடுகள். தெருவைப் பார்த்த பக்கம் ஒரே ஒரு அறை அகலம்தான் இருக்கும், மீதி எல்லாம் உள்ளே நீளவாட்டில் போகும். தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், பக்கவாட்டில் ஓடும் நீளமான தாழ்வாரத்துக்குத்தான் போவீர்கள். பியாஸா என்பார்கள். காற்று வரும் திசை பார்த்துத் தெற்கிலோ மேற்கிலோ வைத்திருப்பார்கள். அதன் மேல்கூரைக்கு வெளிர்நீலம் அடித்திருப்பார்கள், பேய் அண்டாதாம். நம் ஊரில் வாசலில் பூசணிக்காய் கட்டுகிற ஆட்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. சுவரில் அங்கங்கே இரும்பு வட்டம் இருக்கும். நான் ரொம்ப நாள் அலங்காரம் என்றே நினைத்தேன். 1886 ஆகஸ்ட் 31 பூகம்பத்துக்கு அப்புறம் சுவர்கள் பிளந்துகொள்ளாமல் இருக்கக் குறுக்கே கம்பி கொடுத்து, வெளியே போட்டு முறுக்கிய தட்டு அது.

இதெல்லாம் எப்படித் தப்பித்தது தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு 1861-இல் வெடித்ததே அந்தத் துறைமுகத்தில், சம்டர் கோட்டையின் மேல்தான். போர் முடிந்தபோது ஊரில் காசில்லை. இடித்துக் கட்ட வழியில்லாததால் நின்ற வீடுகள்தான் பாதி. அப்புறம் 1931-இல், அமெரிக்காவிலேயே முதல் ஊராக, பழைய வட்டாரத்தைக் காப்பாற்றச் சட்டம் போட்டார்கள். இன்றைக்கும் தெருவிலிருந்து தெரிகிற ஜன்னலை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. எனக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா உளுத்துப்போன ஒரு ஜன்னல் கதவுக்காக மாதக்கணக்கில் மனுப் போட்டுக்கொண்டிருந்தார். திட்டித் தீர்ப்பார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் எதையாவது மாற்றினால் முதல் ஆளாகப் புகார் கொடுப்பதும் அவரேதான். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் கதை நேர்மாறு. காசு வந்த வீடுதான் முதலில் இடிந்தது. 2009-இல் எங்கள் வீடும் போயிற்று. திண்ணைத் தூண் நாலையும் காரைக்குடிப் பக்கத்து வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு அப்பா கிரானைட் போட்டார். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

அம்மா 2019-இல் வந்தாள். ரெயின்போ ரோ என்று ஈஸ்ட் பே தெருவில் வரிசையாகப் பதின்மூன்று கலர் வீடுகள், ஊரே அங்கே நின்று போட்டோ எடுக்கும். அம்மா பார்த்துவிட்டு, "கலர் நன்னாருக்கு" என்றாள். அவ்வளவுதான். ஆனால் சிட்டி மார்க்கெட்டில் கூடை பின்னுகிற அம்மாக்கள் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றாள். அவர்கள் கல்லா-கீச்சி மக்கள் (கடைக் கல்லா இல்லை, அந்தச் சமூகத்தின் பேரே அது). ஸ்வீட்கிராஸ் என்கிற வாசனைப் புல்லைச் சுருள் சுருளாக வைத்து, பனைவகை ஓலையால் இறுக்கித் தைப்பார்கள். அங்கே வட்டமாக, விளிம்பு லேசாக உயர்ந்த ஒன்று இருந்தது. அம்மா அதை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து, இல்லாத அரிசியை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தாள். இடது பக்கம் ஒரு சாய்ப்பு, ஒரு தட்டு. பின்னிக்கொண்டிருந்த அம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து வந்து, அதை வாங்கி, அதே மாதிரி புடைத்துக் காட்டினார். சாய்ப்பு மட்டும் வலது பக்கம்.

முறம்தான் அது. நெல் புடைக்க. அந்த ஊர்ப் பணக்காரர்கள் பணக்காரர்களானதே நெல்லால்தான். சதுப்பில் வரப்புப் போட்டு, மதகு வைத்து, கடலேற்றத்தில் ஆறு உயரும்போது தண்ணீர் ஏற்றி, இறக்கத்தில் வடித்து விவசாயம். அதைச் செய்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரையிலிருந்து பிடித்துக்கொண்டுவரப்பட்ட அடிமைகள், இந்தக் கூடை அம்மாக்களின் முன்னோர். நெல் தெரிந்தவர்கள் என்பதற்கே கூடுதல் விலை வைத்திருக்கிறார்கள். கூடை பின்னும் அம்மா இதைச் சொல்ல, நான் தமிழில் சொல்ல, என் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "என்ன விலைன்னு கேளு" என்றாள். 180 டாலர். அதுவும் சின்ன அளவு. நான் தமிழில் "இருபது டாலர்மா" என்றேன். "பதினஞ்சுக்குக் கேளு" என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் "இந்தக் கார்டு எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்டு, இந்தப் பக்கம் திரும்பி "சரின்னுட்டாங்க" என்றேன்.

இப்போது உங்களுக்கு வேண்டிய விஷயம்: தண்ணீர். ஊரில் நிறைய இடம், ஓடையையும் சதுப்பையும் தூர்த்துக் கட்டியது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் ஏறினால், ஒரு சொட்டு மழை இல்லாமலே சாக்கடை மூடி வழியாகத் தெருவில் தண்ணீர் வரும். வீட்டுக்காரம்மா கடலேற்ற நேர அட்டவணையை ஃபிரிட்ஜில் ஒட்டிக் கொடுத்திருந்தார். நான் அதன் மேல் பீட்சா கடைக் கூப்பனை ஒட்டிவைத்தேன். ஒரு நவம்பர் காலை, வெயில் பளிச்சென்று அடிக்கிறது, கார் சக்கரம் பாதி தண்ணீரில். கணுக்கால் அளவுதானே என்று ஓட்டிவிட்டேன். உப்புத் தண்ணீர். மூன்று வாரத்தில் ஒயரிங் எல்லாம் பச்சை பூத்து, கார் காலி. இன்சூரன்ஸ்? நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா பையன், "பழைய காருக்கு எதுக்குடா ஃபுல் கவரேஜ், எடுத்துரு" என்று சொல்லி எடுத்திருந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அதே ஆள்தான் குடும்பத்தோடு என் ஒற்றை பெட்ரூம் வீட்டில் ஐந்து நாள் தங்கி, "தோசை மாவுகூடக் கிடைக்காத ஊர்ல எப்படிடா இருக்கே" என்று கேட்டுவிட்டு, விமான டிக்கெட்டுக்கு வாங்கிய 600 டாலரை இன்றுவரை தரவில்லை. இதைப் படிப்பான் என்று தெரியும்.

இன்னொன்று. இதைச் சொன்னால் "அழகான ஊரைப் பற்றிக் கேட்டால் அடிமைக் கதை பேசுகிறான்" என்று யாராவது வருவார்கள், வரட்டும். நான் இருந்தது பின்கட்டு வீட்டில். ஒரு காலத்தில் சமையற்கட்டாம், மாடியில் அடிமைகள் படுத்திருந்தார்களாம். குடிபோன எட்டாவது மாதம்தான் எனக்குத் தெரியும். படிக்கட்டுப் பக்கத்துச் செங்கல் ஒன்றில் மூன்று விரல் பதிந்த பள்ளம் இருந்தது. என் சுண்டுவிரல்கூடச் சரியாக நுழையவில்லை, அவ்வளவு சின்னது. செங்கல் அறுக்கையில் ஈரக் களிமண்ணைத் தூக்கின அடிமைக் குழந்தை யாரோ. அந்தப் படியில் உட்கார்ந்து காபி குடிப்பதை அன்றோடு விட்டேன். வீட்டை மட்டும் விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஊரும் ரொம்ப நாள் இதைப் பேசாமல் பியாஸாவையும் மக்னோலியாவையும் காட்டிக்கொண்டிருந்த ஊர்தான். கப்பலில் கொண்டுவந்து இறக்கிய காட்ஸ்டன் படகுத்துறையிலேயே 2023-இல் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தார்கள். நான் இருந்தவரை கட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் போனால் குதிரை வண்டிச் சவாரிக்கு முன்னால் அங்கே போங்கள்.

ஆகவே: காசு இடம் கொடுத்தால் ஒரு வருஷமாவது பழைய ஊருக்குள் இருங்கள். வீடு பார்க்கும்போது ஏஜென்ட்டிடம் எத்தனை பெட்ரூம் என்று கேட்குமுன், தெருவில் எத்தனை தடவை தண்ணீர் ஏறும் என்று கேளுங்கள். மாதாமாதம் நம் ஊர்ச் சாமான் வாங்க, வட கரோலைனா மாநிலத்துச் சார்லட் நகரம் வரை மூன்றரை மணி நேரம் ஓட்டியிருக்கிறேன், அதற்கும் தயாராக இருங்கள். ஜூலை, ஆகஸ்டில் சென்னையே தேவலை என்று தோன்றும். மார்ச், ஏப்ரலில் சாயந்திரம் கிங் தெருவிலிருந்து துறைமுகக் கரை வரை நடந்தால் எதுவும் தோன்றாது, நடந்துகொண்டே இருப்பீர்கள்.

முறம் இப்போது கும்பகோணத்தில். சுவரில் மாட்டுவோம் என்றேன், அம்மா கேட்கவில்லை, உளுந்து புடைக்கிறாள். போன வாரம் போனில், "எதிர்வீட்டு மாமிக்கும் உங்க அத்தைக்கும் ஒண்ணு ஒண்ணு வேணுமாம். அங்கே யாராவது சிநேகிதா இருந்தா சொல்லு, பதினஞ்சு டாலர்தானே" என்றாள்.