நிரல் எழுதியவர் மனத்தைப் படிக்கப் போகலாமா?

கேள்வி: கணினியியலில் பட்டம் பெற்று 4 ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். மனம், மூளை, கணினி மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் முதுநிலைப் படிப்பில் சேர ஆசை. தத்துவத்திலோ உளவியலிலோ ஒரு தாள்கூடப் படித்ததில்லை. இடம் கிடைக்குமா? சேர்ந்தால் சமாளிப்பேனா?

பதில்: கணினிப் பட்டம் உங்களுக்குத் தடையாக இருக்காது. அறிதிறன் அறிவியல் என்ற இந்தத் துறையே வேறு வேறு வாசல் வழியாக வந்தவர்கள் கட்டியதுதான். இயந்திரம் சிந்திக்குமா என்று 1950-இல் கேட்ட ஆலன் டூரிங் கணிதக்காரர். அந்தக் கட்டுரை வெளிவந்த 'மைண்ட்' தத்துவ இதழ்.

நீங்கள் தடுக்கி விழக்கூடிய இடம் கட்டுரை எழுதுவது. தத்துவவியலாளர் ஜான் சேர்ல் 1980-இல் முன்வைத்த 'சீன அறை' வாதத்தை எப்படியும் சந்திப்பீர்கள். சீனம் தெரியாத ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து, விதிப் புத்தகத்தைப் பார்த்து, உள்ளே வரும் சீன எழுத்துகளுக்குச் சீன எழுத்துகளையே பதிலாக வெளியே தள்ளுகிறார். வெளியே நிற்பவர்கள் அவருக்குச் சீனம் தெரியும் என்றே நம்புவார்கள். அவருக்கோ ஓர் எழுத்தும் புரியாது. ஆகவே நிரலை இயக்குவது வேறு, புரிந்துகொள்வது வேறு என்கிறார் சேர்ல்.

நிரல் எழுதிப் பழகியவர்கள் உடனே சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அவருக்குப் புரியாவிட்டால் என்ன? புத்தகம், தாள், மனிதர் எல்லாம் சேர்ந்த அமைப்புக்குப் புரிகிறதே!" அதே கட்டுரையில் சேர்லே இந்த மறுப்பை எடுத்துவைத்துப் பதிலும் சொல்லிவிட்டார். விதிகள் முழுவதையும் அவர் மனப்பாடம் செய்துகொண்டு அறையை விட்டே வெளியேறட்டும். இப்போது அமைப்பு முழுவதும் அவருக்குள் இருக்கிறது, ஆனாலும் அவருக்குச் சீனம் புரியவில்லையே என்பது அவர் வாதம். உங்கள் கட்டுரை இதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். நிரல் ஓடினால் வேலை முடிந்தது என்று பழகியவருக்கு இது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

உங்கள் கை ஓங்கும் இடமும் உண்டு. ஆங்கிலம் பேசும் குழந்தை முதலில் 'வென்ட்' என்று சரியாகச் சொல்லும். பிறகு 'கோ'வோடு இறந்தகால விகுதியை ஒட்டித் தவறாகச் சொல்லும். பின்னர் 'வென்ட்'டுக்கே திரும்பும். விதி எதையும் எழுதிவைக்காமல், எடுத்துக்காட்டுகளைப் பார்த்தே கற்கும் நியூரல் நெட்வொர்க் என்ற கணினி மாதிரியும் இப்படியே சறுக்கித் தேறுகிறது என்று உளவியலாளர்கள் ரூமல்ஹார்ட்டும் மெக்லெலண்டும் 1986-இல் காட்டினார்கள். அப்படியானால் மனத்துக்குள் இலக்கண விதியே தேவையில்லையா? 1988-இல் உளவியலாளர் பிங்கரும் மொழியியலாளர் பிரின்ஸும் அந்த நெட்வொர்க்குக்குக் கொடுத்த பயிற்சித் தரவைப் பிரித்துப் பார்த்தார்கள். முதலில் 10 வினைச்சொற்கள், அவற்றில் 8 'கோ–வென்ட்' போல ஒழுங்கற்றவை. அடுத்து ஒரேயடியாக 410 வினைகள், பெரும்பாலும் ஒழுங்கானவை. சறுக்கலுக்குக் காரணம் இந்தத் திடீர்த் திணிப்புதான், குழந்தை கேட்கும் பேச்சில் அப்படி ஒரு பாய்ச்சல் இல்லை என்றார்கள். சர்ச்சை இன்னும் முழுதாக ஓயவில்லை. தரவைச் சந்தேகத்தோடு புரட்டும் உங்கள் தொழில்புத்தி இங்கே நன்றாக வேலை செய்யும். தத்துவம் மட்டும் படித்து வந்த சக மாணவர் இதில் உங்களைத்தான் கேட்பார்.

படிப்பின் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் ஓரிடத்தில் உளவியல் ஆய்வகப் பயிற்சி தருவார்கள், இன்னோரிடத்தில் முக்கால்வாசி இயந்திரக் கற்றலாக இருக்கும். கட்டாயப் பாடங்களைப் பாருங்கள். தத்துவத் துறை ஆசிரியர் ஆய்வேட்டுக்கு நெறியாளராக இருக்க முடியுமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால், அங்கே தத்துவம் வெறும் அலங்காரம். புள்ளியியல் பெரும்பாலும் தப்பாது; சேருமுன்பே அடிப்படையைக் கற்றுவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: இந்தப் பட்டத்துக்கென்று தனி வேலைவாசல் கிடையாது. முனைவர் பட்டம், பயனர் அனுபவ ஆய்வு என்று சிலர் போகிறார்கள். பழைய மென்பொருள் வேலைக்கே திரும்புவோரும் உண்டு. கடன் வாங்குமுன் இதை யோசியுங்கள்.

விண்ணப்பத்தில் "நனவு என்றால் என்ன என்று அறிய விரும்புகிறேன்" என்று எழுத வேண்டாம்; படித்துப் படித்துச் சலித்த வாக்கியம் அது. பல துறைகள் மாதிரிக் கட்டுரை கேட்கும். அதற்குச் சேர்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: மனப்பாடம் செய்த மனிதர் அறையை விட்டு வெளியே வந்த இடத்திலிருந்து 2000 சொற்கள்.