மகனைச் சிறையில் பார்க்க யாருக்கும் முந்நூறு டாலர் கொடுக்க வேண்டாம்

கேள்வி: திருச்சியிலிருந்து சுற்றுலா விசாவில் வந்து, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் மகன் வீட்டில் இரண்டு மாதமாக இருக்கிறேன். சென்ற வெள்ளிக்கிழமை இரவு மகனுக்கும் மருமகளுக்கும் நடந்த சண்டையில் அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டு, அவனை டப்ளினில் உள்ள சான்டா ரீட்டா சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம் ஊரில் மனு போட்டுப் பார்ப்பதுபோல இங்கே பார்க்க முடியுமா? என்னிடம் பாஸ்போர்ட்டும் ஆதாரும் மட்டுமே உள்ளன. தெரிந்த ஒருவர், ஷெரிஃப் அலுவலகத்தில் தமக்கு ஆள் இருப்பதாகவும் 300 டாலர் கொடுத்தால் ஏற்பாடு செய்வதாகவும் சொல்கிறார். மருமகள் மனம் இளகித்தான் இருக்கிறாள். இருவருக்கும் நடுவில் நான் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். – பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அம்மா, நீங்கள் உங்கள் மகனைப் பார்க்கலாம். காலாவதியாகாத இந்தியப் பாஸ்போர்ட்டின் அசல் போதும். நகல் செல்லாது, ஆதாரை அங்கே யாரும் அடையாள அட்டையாக ஏற்க மாட்டார்கள். சுற்றுலா விசாவில் இருப்பது தடையல்ல. அந்த 300 டாலரைக் கொடுக்காதீர்கள். மகன் இருப்பது போன்ற கவுன்ட்டி (மாவட்ட) சிறைக்கு நேரில் வருகிறவரிடம் சந்திப்புக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று இந்த மாநிலம் 2017-இல் சட்டமே இயற்றியிருக்கிறது. சிறைக் கைதி ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு மொத்தம் ஒரு மணி நேரமாவது பார்வையாளர் சந்திப்பு தர வேண்டும் என்பதும் மாநில விதி. உரிமையாகக் கிடைப்பதை ஒருவர் தம் செல்வாக்கால் கிடைத்ததுபோலக் காட்டி விற்கிறார், அவ்வளவுதான். நம்மவர்கள் நடுவில் ஒரு கைது நடந்த மறுநாளே இப்படிப்பட்டவர்கள் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறார்கள். கோயிலிலும் சங்கத்திலும் முன்வரிசையில் நிற்பவர்கள் என்பதால் நாமும் நம்பிவிடுகிறோம்.

செய்ய வேண்டியதை நீங்களே செய்யலாம், இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் மடிக்கணினியைக் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். சிறையை நடத்தும் ஷெரிஃப் அலுவலகத்தின் இணையதளத்தில் கைதியைத் தேடும் பக்கம் இருக்கும். முகவரி ஷெரிஃப் அலுவலகத்துக்கு உரியதுதானா என்று பாருங்கள். அதே தோற்றத்தில் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் ஏராளம். இங்கேதான் நம் பெயர்கள் ஒரு சிக்கலை உண்டாக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று விழுந்திருக்கும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. ஆகவே மகன் பெயரைத் தேடிக் கிடைக்காவிட்டால், தகப்பனார் பெயரைக் குடும்பப்பெயராக வைத்துத் தேடுங்கள், இரண்டையும் இடம் மாற்றித் தேடுங்கள், எஃப்.என்.யு. போட்டும் தேடுங்கள். கிடைத்ததும் பி.எஃப்.என். என்ற அவருடைய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; இனி எங்கே போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். சந்திப்புக்கு முன்பதிவு செய்யும்போது உங்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதியுங்கள். இனிஷியலை விரித்து எழுதியதால் வாசலோடு திரும்பி வந்தவர்கள் உண்டு.

சந்திப்பு என்பதற்கு முன், வழக்கறிஞர். கைதான அன்று நீங்களும் அந்த வீட்டில் இருந்தீர்கள் என்றால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் தாய் மட்டுமல்ல, சாட்சியும்தான். அதனால் மகனைப் பார்க்கப் போவதற்கு முன் அவருடைய வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வசதி இல்லாவிட்டால் அரசுச் செலவிலேயே வழக்கறிஞரை நியமிப்பார்கள்; ‘இலவச வக்கீல்’ என்று அவர்களைக் குறைத்துப் பேசுவது நம்மிடம் உள்ள ஒரு தவறான வழக்கம், இந்த நீதிமன்றங்களில் தினமும் நிற்பவர்கள் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது விதியாதலால், வெள்ளிக்கிழமை இரவு பிடித்தவரை நீங்கள் பார்க்கும் முன்பே அவர் நீதிமன்றத்துக்குப் போய் வந்துவிடவும் கூடும்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கண்ணாடிக்கு அப்பால் மகன் உட்கார்ந்திருப்பார், இப்பால் நீங்கள். நடுவே ஒரு தொலைபேசிக் கருவி. அதில் பேசுவதும், அவர் சிறையிலிருந்து உங்களுக்குச் செய்யும் அழைப்புகளும், காணொளிச் சந்திப்பும் பதிவாகும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். வழக்கறிஞருடன் நடக்கும் உரையாடலுக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு. ‘தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியப் போகிறது’ என்று நினைப்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அரசுத் தரப்பு அந்த ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கும், மொழிபெயர்க்க ஆளை வைக்கும், தட்டச்சு செய்து நீதிமன்றத்தில் கொடுக்கும்.

நான் வாதாடிய வழக்கு ஒன்றில் ஒரு தகப்பனார் மகனிடம், ‘நீ கவலைப்படாதே, அவளை நான் கவனிச்சுக்கறேன்’ என்றார். மருமகளுக்குச் சமையல் சாமான் வாங்கிக் கொடுத்து, அவளை மருத்துவமனைக்கும் அழைத்துப் போய்க்கொண்டிருந்த மனிதர் அவர். காகிதத்தில் ஆங்கிலத்தில் வந்தபோது அந்தச் சொல் அவளை ஒரு கை பார்த்துவிடுவேன் என்ற மிரட்டலாக நின்றது. ‘கவனித்தல்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு என்று நீதிபதிக்குப் புரிய வைக்க அரை நாள் ஆயிற்று. ஆகையால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை கிடைக்கிறதா, அப்பா நலம் என்ற அளவில் நிறுத்துங்கள். அன்று இரவு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அவர் சொல்ல ஆரம்பித்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது, நடுவில் பேசி முடிப்பது. இதை நீங்கள் செய்யவே கூடாது. குடும்பச் சண்டை வழக்குகளில் போலீசார் அந்த இரவிலேயே தொலைபேசியில் நீதிபதியைப் பிடித்து அவசரப் பாதுகாப்பு உத்தரவு வாங்குவது வழக்கம். அது ஐந்து நீதிமன்ற நாள் அல்லது ஏழு நாள், எது முந்தியதோ அதுவரை செல்லும். அதன்பின் முதல் விசாரணையிலேயே நீதிபதி வழக்கு முடியும்வரைக்குமான உத்தரவைப் போட்டுவிடக்கூடும். தொடர்பே கூடாது என்று உத்தரவு சொன்னால் அது நேரிலும் தொலைபேசியிலும் கடிதத்திலும் வாட்ஸ்அப்பிலும் மட்டுமல்ல, பிறர் மூலமாகவும் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அந்தப் ‘பிறர்’ நீங்கள்தான் அம்மா. ‘அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்’ என்று மகன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொல்ல, நீங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னால், அன்போடு செய்த அந்தக் காரியம் மகன் மீது இன்னொரு குற்றமாகிவிடும். பதிவு செய்த சான்று சிறையிலேயே இருக்கும்.

மருமகள் மனம் இளகியிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை விரித்துச் சொல்கிறேன். உத்தரவு கட்டுப்படுத்துவது உங்கள் மகனை, மருமகளை அல்ல. அவளாகவே முன்பதிவு செய்து அவரைப் பார்க்க வந்தாலும், அவளாகவே தொலைபேசியை எடுத்தாலும், அவளாகவே ‘வீட்டுக்கு வாருங்கள்’ என்று சொன்னாலும், பதிலுக்குப் பேசுகிற மகன்தான் உத்தரவை மீறியவர் ஆகிறார். அவள் சம்மதித்தாள் என்பது பதிலாகாது. உத்தரவை மாற்றும் அதிகாரம் அதைப் போட்ட நீதிபதிக்கு மட்டுமே உண்டு. மருமகள் விரும்பினால் அவள் தனியே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, நீதிமன்றத்தில் வந்து, அமைதியான தொடர்புக்கு மட்டும் அனுமதிக்கும் விதமாக அதைத் தளர்த்தக் கேட்கலாம். அவளை அங்கே அழைத்துப் போகும் வேலையைக்கூட நீங்கள் செய்யாதீர்கள். ‘வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்’ என்று அவளிடம் சொல்வது அதைவிட ஆபத்து. இங்கே வழக்குத் தொடுத்தவள் அவளல்ல, மாவட்ட அரசு வழக்கறிஞர். அவள் வாபஸ் வாங்க எதுவும் இல்லை. ஆனால் சாட்சியைத் தடுக்க முயன்றதாக உங்கள் மீதே வழக்கு வர இடமுண்டு. பேரப்பிள்ளை இருந்தால், சிறைக்கு அழைத்துப் போகும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். உத்தரவில் பிள்ளையின் பெயரும் இருக்கலாம்.

மகன் எச்-1பி விசாவிலோ பச்சை அட்டையிலோ இருந்தால் விளைவு இரட்டிப்பு. குடும்ப வன்முறைக் குற்றம் நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம் என்பது பலருக்குத் தெரியும். பாதுகாப்பு உத்தரவை மீறியதாக நீதிமன்றம் தீர்மானித்தால் அதுவே தனி ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்றத்தில் என்ன ஆகும் என்று சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த ஆலோசனையைக் கேட்டு வாங்கிக்கொள்ள மகனிடம் சொல்லுங்கள். இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டுமென்றால் அதை மகன்தான் கேட்க வேண்டும். இந்தியக் குடிமக்கள் விஷயத்தில் அது தானாக நடப்பதில்லை.

ஜாமீன் முகவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீதிமன்றத்தில் முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டினால், மகன் வாய்தா தவறாமல் வந்தால் வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். முகவர் மூலம் போனால் வழக்கமாகப் பத்து விழுக்காடு வாங்குவார். அது அவர் கூலி, திரும்பாது. 50,000 டாலர் ஜாமீனுக்கு 5,000 டாலர் போனது போனதுதான். திங்கட்கிழமையே நீதிபதி பணம் கட்டாமல் சொந்தப் பொறுப்பில் விடக்கூடிய ஒருவருக்கு, ஞாயிற்றுக்கிழமை பதற்றத்தில் அந்தப் பணத்தைக் கொட்டிய குடும்பங்கள் பல. ‘ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்’ என்று அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். எந்தச் சிறையும் அப்படிப் பணம் வாங்குவதில்லை. மகனின் கைதுப் படத்தை இணையத்தில் போட்டு, எடுக்கக் காசு கேட்பவர்களும் வருவார்கள். 2015 முதல் கலிஃபோர்னியாவில் அப்படிக் கேட்பதே சட்டவிரோதம்.

சிறையிலிருந்து வரும் அழைப்புகளின் கட்டணத்தைப் பார்த்து நீங்கள் திகைக்கலாம். நான் இன்னும் திகைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்திலிருக்கும் சான் பிரான்சிஸ்கோ தன் சிறைகளில் அழைப்புகளை 2020-லேயே இலவசமாக்கியது. 2023 முதல் கலிஃபோர்னியா மாநிலச் சிறைகளில், அதாவது தண்டனை உறுதியானவர்கள் இருக்கும் இடங்களில், அழைப்பு இலவசம். குற்றம் நிரூபிக்கப்படாமல் விசாரணைக்குக் காத்திருப்பவர்களால் நிறைந்த கவுன்ட்டி சிறைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கட்டணத்துக்கு உச்சவரம்பு போட அமெரிக்க மத்திய அரசு 2023 ஜனவரியில் சட்டம் இயற்றியது, 2024-இல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் விகிதம் நிர்ணயித்தது, 2025-இல் அமலாக்கத்தைத் தள்ளிப்போட்டது. ஆகவே மகனின் அழைப்புக்கான கணக்கில் சிறிய தொகை மட்டும் போடுங்கள். முடிந்தவரை நேரில் போய்விடுங்கள்.

போகும்போது சேலை வேண்டாம். அது தடைசெய்யப்பட்ட உடை என்பதால் அல்ல; இடுப்புத் தெரிகிறது என்று ஓர் அதிகாரி மறுக்கக்கூடும், கொசுவத்திலும் தோளிலும் குத்தியிருக்கும் ஊக்குகள் உலோகச் சோதனையில் ஒவ்வொன்றாகக் கூவும். முழுக்கை வைத்த, மெல்லியதல்லாத சல்வார் கமீஸ் நல்லது; கைதிச் சீருடையின் நிறத்தை ஒத்த உடை வேண்டாம். தலைமுடிக் கிளிப்பையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கைப்பை, தொலைபேசி எல்லாம் காரிலேயே இருக்கட்டும். விபூதிப் பொட்டலமும் முறுக்கும் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர்ச் சிறை வாசலில் பழம் கொடுத்த நினைவில் போகிறவர்கள் இங்கே கலங்கிப்போகிறார்கள். சைவ உணவு வேண்டுமானால் மத நம்பிக்கையின் பேரில் மகனே சிறைக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அவர் தினசரி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருந்தின் பெயரையும் அளவையும் சிறை மருத்துவப் பிரிவுக்கு நீங்கள் தொலைபேசியில் சொல்லலாம். இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் இணையதளத்தில் அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று மறுபடி பாருங்கள். விடுவிப்பதென்றால் நள்ளிரவு தாண்டியும் விடுவார்கள், பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. உத்தரவு நிலுவையில் இருக்கும்போது அவர் ஃப்ரீமாண்ட் வீட்டுக்கு வர முடியாது. துணி எடுக்கக்கூடப் போலீசைத் துணைக்குக் கேட்டே வர வேண்டியிருக்கும். எனவே காருடன் போய் அழைத்துவர ஒரு நண்பரையும், அன்றிரவு படுக்க ஓர் அறையையும் இன்றைக்கே பேசி வைத்துவிடுங்கள்.