அரசுத் தேர்வா, எம்.எஸ்சி.யா, வேலையா: இரண்டாம் ஆண்டிலேயே முடிவு செய்ய வேண்டுமா?

பேரணாம்பட்டிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் வந்து பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பள்ளி முழுவதும் தமிழ் வழி, கல்லூரியில் ஆங்கில வழி. அப்பா டேனரியில் (தோல் பதனிடும் தொழிற்சாலையில்) வேலை செய்கிறார். அரசுத் தேர்வுக்கு இப்போதே பயிற்சி மையத்தில் சேரச் சொல்கிறார்கள் வீட்டில். பேராசிரியர் எம்.எஸ்சி. படி என்கிறார். நண்பர்கள் ஐ.டி. பக்கம் போகிறார்கள். நான் இப்போதே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டுமா?"

இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் எந்த வழி எப்போது திறக்கிறது, அதற்குள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை மூன்றாம் பருவத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்; இதைத் தெரிந்துகொள்ளாமல் இறுதியாண்டை அடைபவர்கள்தாம் கண்ணில் பட்ட விண்ணப்பங்களையெல்லாம் நிரப்பிக் களைத்துப் போகிறார்கள்.

வீட்டார் சொல்லும் அரசுத் தேர்வை முதலில் எடுத்துக்கொள்வோம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு 10ஆம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி என்பதால், 21 வயது கேட்கும் கிராம நிர்வாக அலுவலர் பணி நீங்கலாகப் பெரும்பாலான பணிகளுக்கு 18 வயது நிறைந்த நீங்கள் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அதிலுள்ள 200 வினாக்களில் 100 தமிழிலிருந்து வருகின்றன. அப்பகுதியில் 40 விழுக்காடு பெறாதவரின் மீதிப் பகுதி கணக்கில் கொள்ளப்படுவதே இல்லை. கல்லூரியில் முதல் நான்கு பருவங்களுக்கு நீங்கள் எப்படியும் தமிழ் படிக்கிறீர்கள். அதோடு 6ஆம் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரையிலான பள்ளித் தமிழ்ப் பாடநூல்களைப் பேருந்துப் பயணத்தில் தொடர்ந்து படித்துவந்தாலே இரண்டாம் ஆண்டுக்குப் போதுமானது. பெருந்தொகை கட்டிப் பயிற்சி மையத்தில் சேர்வதை இந்த நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்; மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டம் கட்டணமின்றி வகுப்பு நடத்துகிறது, முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமை, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியிலேயே படித்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது. ஆகவே 10ஆம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 பணிகளில் உங்களுக்கு அந்த முன்னுரிமை உண்டு. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பணிகளில், கல்லூரியில் ஆங்கில வழி என்பதால், இல்லை. படித்த பள்ளிகளிலிருந்து அதற்கான சான்றிதழை இந்த ஆண்டே வாங்கி வைத்துவிடுங்கள்.

எம்.எஸ்சி. பற்றிய முடிவை ஐந்தாம் பருவத் தொடக்கம் வரை தள்ளிப்போடலாம். ஐ.ஐ.டி.களில் சேர்வதற்கான ஜாம் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். அதன் வேதியியல் தாளில் மூன்று மணி நேரத்தில் 60 வினாக்கள், 100 மதிப்பெண். கரிம, கனிம, இயற்பிய வேதியியல் மூன்றும் கலந்து வருவதால், பருவத் தேர்வு முடிந்ததும் பாடத்தை மறந்துவிடும் பழக்கம் உள்ளவருக்கு அது கடினம். சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலோ வேலூர்க் கல்லூரிகளிலோ சேர எண்ணினால் உங்கள் பட்டப்படிப்பு மதிப்பெண்ணே பேசும். இரண்டுக்கும் பொதுவான தேவை, அரியர் இல்லாமல் ஐந்தாம் பருவத்துக்குள் நுழைவது.

நீங்கள் கேட்காமல் விட்ட நான்காவது வழியான கழிவுநீர் ஆய்வக வேலையைப் பற்றித்தான் எனக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரித்தாக வேண்டிய கட்டாயம் இருக்கும்வரை, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் அந்த நீரை நாள்தோறும் சோதித்து அளவுகளைப் பதிந்து வைக்கும் வேதியியல் பட்டதாரிக்கும் தேவை இருக்கும். நீரில் உள்ள கரிமக் கழிவை அளக்கும் சி.ஓ.டி. சோதனை வேறொன்றும் இல்லை. உங்கள் ஆய்வகத்தில் பொட்டாசியம் டைக்ரோமேட்டையும் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டையும் வைத்துச் செய்யும் அதே தரம்பார்த்தல்தான் (டைட்ரேஷன்). பி.ஓ.டி. சோதனையில் மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து, அதற்குள் நீரில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கிடுவார்கள். இவற்றைக் கைப்படச் செய்து, பிழை எங்கே வரும் என்று சொல்லத் தெரிந்த மாணவர் நேர்காணலில் தனித்துத் தெரிவார்.

நான்காம் பருவம் முடிந்து வரும் கோடை விடுமுறையை இதற்கு ஒதுக்குங்கள். துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி, அப்பா மூலமாக அவருடைய டேனரியிலோ, கழிவுநீர் செல்லும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலோ, இரண்டு மூன்று வாரம் ஆய்வகத்தில் உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஊதியம் கேட்க வேண்டாம். தொடக்கச் சம்பளம் எவ்வளவு, இரவுப் பணி உண்டா, குரோமிய உப்புகளைக் கையாளும்போது என்ன பாதுகாப்பு தருகிறார்கள் என்பதை அங்கே பணிபுரிபவர்களிடமே விசாரியுங்கள். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தாலும், எம்.எஸ்சி.யா தேர்வா என்ற குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்திருக்கும்.

ஐ.டி. பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நண்பர்கள் போகிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லையென்றால் இப்போது அதைத் தொட வேண்டாம். ஆர்வம் உண்மையானதா என்று பார்க்க, 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வகுப்புகளில் கணினி சார்ந்த ஒன்றை ஒழுங்காக முடித்தால் போதும்.

பட்டம் பெற்றதும் வீட்டுக்கு வருமானம் வேண்டும் என்பது அப்பாவின் கவலையாக இருந்தால், தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். அதில் கலை, அறிவியல் பட்டதாரிகளும் ஓராண்டு மாதாந்திர உதவித்தொகையோடு நிறுவனங்களில் பயிற்சி பெறலாம். தென் மண்டலத்துக்கான அலுவலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. அந்த ஓராண்டின் மாலைகளில், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 2 தேர்வுக்குப் படிக்கவும் இடமுண்டு.