மூன்றாவது முறை வேண்டாம், அம்மா

அம்மா, போன வாரம் நீங்கள் மூவரும் வந்திருந்தபோது "கவலைப்படாதீர்கள்" என்று நாலைந்து முறை சொல்லிவிட்டேன். படிப்பு ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலில் அது வாய்ப்பழக்கம். நீங்கள் கிளம்பிய பிறகு யோசித்தால், அப்படிச் சொன்னது சரியில்லை என்று பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். இதே பேச்சு வேறு பல வீடுகளிலும் ஓடிக்கொண்டிருப்பதால், உங்களிடம் கேட்டுக்கொண்டபடி அடையாளங்களை எடுத்துவிட்டு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் மகள் மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டாள். இரண்டாவது முறை மதிப்பெண் கூடியிருக்கிறது, சீட் கிடைக்கும் அளவுக்கு இல்லை. "இன்னும் ஒரு வருஷம்தானே, எழுதட்டும்; இல்லையென்றால் பணம் கட்டியாவது சேர்த்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்றீர்கள். எல்லோரும் என்றால் யார் என்று கேட்டேன். பெரிய மாமா, சின்ன மாமா, பெரிய மாமாவுக்குத் தெரிந்த ஒரு டாக்டர். படிக்கப்போகிற பெண்ணும் கடன் கட்டப்போகிற அவள் அப்பாவும் அந்த 'எல்லோரி'ல் இல்லை.

அவர் அன்றைக்குப் பேசவே இல்லை, கவனித்தீர்களா? பணம் கட்டும் சீட் என்ற பேச்சு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

முதலில் அந்தக் கணக்கையே முடித்துவிடுவோம். கடன் வாங்கிச் சீட் வாங்காதீர்கள். அடிப்படை மருத்துவப் பட்டம் வாங்கியதோடு அந்தப் பயணம் முடிவதில்லை. சிறப்புப் படிப்பு என்று இன்னொரு சுற்று இருக்கிறது, அதற்கும் ஒரு தேர்வு, அதற்கும் செலவு. வட்டி மட்டும் எந்தத் தேர்வுக்கும் காத்திருக்காமல் ஓடும். ஓய்வு வயதை எட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் கையெழுத்தில் வீட்டை அடமானம் வைப்பது, அதுவும் பிள்ளை கேட்காத ஒரு படிப்புக்கு வைப்பது, எனக்குச் சம்மதமில்லை. மாமாக்களுக்கு அவ்வளவு ஆசை இருந்தால் கடன் பத்திரத்தில் அவர்களும் கையெழுத்துப் போடுவார்களா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பேச்சு அத்தோடு வேறு பக்கம் திரும்பிவிடும்.

பிள்ளை கேட்கவில்லை என்று எப்படிச் சொல்கிறேன்? உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு இருபது நிமிடம் பேசினேன் அல்லவா? முதல் பத்து நிமிடம் ஒன்றும் பெயரவில்லை. அப்புறம் கையில் வைத்திருந்த நோட்டைப் பார்க்கலாமா என்றேன். பயிற்சி வகுப்பு நோட்டு. முன்பக்கம் முழுக்கக் கேள்வி பதில். பின்னாலிருந்து திருப்பினால் வேறு உலகம். பென்சிலில் இதயத்தின் நான்கு அறைகள், அம்புக்குறிகள். வலது கீழறைக்குப் பக்கத்தில் 25 என்றும், இடது கீழறைக்குப் பக்கத்தில் 120 என்றும் அழுத்தம் எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: "இரண்டு பக்கமும் நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தள்ளுகிறது. எப்படி?" அதற்குப் பிறகு மூன்று பக்கம் அடித்து அடித்து எழுதிய கணக்கு.

தேர்வில் யாரும் கேட்காத கேள்வி அது. விடை அழகானது. இரண்டு பக்கமும் ஒரே வட்டத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. வலது பக்கம் நுரையீரலுக்குத் தள்ளியது அப்படியே இடது பக்கத்துக்கு வந்தாக வேண்டும். நுரையீரலின் ரத்தக் குழாய்களில் எதிர்ப்பு மிகக் குறைவு, அதனால் சின்ன அழுத்தமே போதும். உடம்பு முழுக்க அனுப்பும் இடது பக்கத்துக்குத்தான் தடித்த சுவர் வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக வந்து சேர்ந்தால், அந்தத் தசை கூடுதலாக விரிந்து அடுத்த துடிப்பில் கூடுதலாகத் தள்ளிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். கடைசி விஷயத்தைத் தவிர மற்றதையெல்லாம் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

நோயாளிகளைப் பார்ப்பது பிடிக்குமா என்று கேட்டேன். "ஒவ்வொருத்தரிடமும் என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க என்னால் முடியாது சார். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் நாள் முழுக்க இருப்பேன்" என்றாள். இருபது நிமிடத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

உடற்கூறியல் என்பது எது எங்கே இருக்கிறது என்ற படிப்பு. உடலியங்கியல் என்பது அது எப்படி வேலை செய்கிறது என்ற படிப்பு. உங்கள் மகளின் மனசு இரண்டாவதில் கிடக்கிறது. "உடம்பைப் பற்றிப் படித்தால் டாக்டர்தானே ஆகணும்" என்கிறார் பெரிய மாமா. அவர் ஆஸ்பத்திரியைப் பார்வையாளர் நேரத்தில் மட்டும் பார்த்திருக்கிறார், பாவம்.

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் பற்றியெல்லாம் உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். நல்ல படிப்புகள்தான், நான் அவற்றுக்குள் போகவில்லை. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பெர்ஃபியூஷன். அந்த வேலை செய்பவரைப் பெர்ஃபியூஷனிஸ்ட் என்பார்கள். இதய அறுவை சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர்.

இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைக்கவோ வால்வை மாற்றவோ வேண்டுமென்றால், பெரும்பாலும் அது துடிக்காமல் இருக்க வேண்டும், உள்ளே ரத்தமும் இருக்கக் கூடாது. ஆனால் ரத்தம் போகாவிட்டால் மூளை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. இந்தச் சிக்கலை விடுவிக்க ஜான் கிப்பன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இருபது வருடத்துக்கு மேல் போராடினார். அவர் மனைவி மேரியும் ஆய்வகத்தில் கூடவே உழைத்தார். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயத்திலிருந்த ஓட்டையை அடைத்தபோது, சுமார் 26 நிமிடம் அவளுடைய இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் அந்த இயந்திரமே செய்தது. அவள் பிழைத்தாள். உங்கள் மகளின் வயதுதான்.

இன்றைய இயந்திரத்தின் முன்னால் உட்காருகிறவர் என்ன செய்கிறார்? இதயத்துக்குத் திரும்பும் அசுத்த ரத்தத்தைக் குழாய் வழியே வெளியே எடுக்கிறார். அது ஒரு தொட்டிக்கு வந்து, பம்ப் வழியாக ஆக்சிஜனேட்டருக்குப் போய், ஆக்சிஜன் ஏறி உடம்புக்குத் திரும்புகிறது. ஆக்சிஜனேட்டர் என்பது தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் அடைத்த ஒரு சின்ன உருளை. குழலுக்குள்ளே வாயு, வெளியே ரத்தம். அதன் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். நம் நுரையீரலின் பரப்போ சுமார் 70 சதுர மீட்டர்! இவ்வளவு சின்ன நுரையீரலை வைத்துக்கொண்டு ஒரு முழு மனிதரை எப்படிச் சமாளிப்பது? இந்தக் கேள்வியை உங்கள் மகளிடம் போட்டுவிட்டு வேடிக்கை பாருங்கள். அடுத்த மூன்று பக்கம் தயார்.

ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டாலே உறையப் பார்க்கும். அதனால் தொடங்கும் முன்பே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுத்து, உறையும் நேரத்தை ஒரு சோதனையில் அளக்கிறார்கள். சாதாரணமாக அது இரண்டு நிமிடத்துக்குள் இருக்கும். பம்ப் ஓட அது 400, 480 விநாடிகளைத் தாண்ட வேண்டும். இந்த ஹெப்பாரினுக்கு வழி திறந்தது 1916இல், ஜே மெக்லீன் என்ற இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர் கையில். ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போனவருக்கு, உறையாமல் தடுக்கும் பொருள் கிடைத்தது. எல்லாம் முடிந்ததும் ஹெப்பாரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின், மீனின் விந்தணுவிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது. சொல்ல வந்தது வேறு, ஆனாலும் இந்த மாதிரி விஷயங்களில் உங்கள் மகளுக்குக் கண் விரிவதைப் பார்த்தேன்.

இதயத்தை நிறுத்துவதற்குப் பொட்டாசியம் அதிகமுள்ள குளிர்ந்த கரைசலை அதன் தமனிகளுக்குள் செலுத்துகிறார்கள். தசை தளர்ந்த நிலையில் அப்படியே நின்றுவிடும். திரையில் கோடு நேராகிவிடும். வேறு எந்த அறையிலும் அந்த நேர்க்கோட்டைப் பார்த்தால் ஓடி வருவார்கள். இங்கே அதற்காகத்தான் காத்திருப்பார்கள். அந்தக் கணத்திலிருந்து உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் பெர்ஃபியூஷனிஸ்ட்டின் பொறுப்பு. சிறுநீரகத்துக்குப் போதிய ஓட்டம் இருக்கிறதா என்பதைப் பையில் சொட்டும் சிறுநீர் சொல்லும். தமனி ரத்தத்தின் ஆக்சிஜன், கரியமில வாயு, அமிலத்தன்மை, பொட்டாசியம், சர்க்கரை எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். ரத்தத்தைக் குளிர்விப்பதும் சூடாக்குவதும் அவரே. ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் உடம்பின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியின் வளைவில் வேலை என்றால், சில சமயம் உடம்பின் சூட்டை 20 டிகிரி செல்சியஸ் வரை இறக்கி, ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்துவதும் உண்டு. அப்புறம் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் மூளை பாதிக்கும்.

குழாயில் ஒரு காற்றுக்குமிழி உள்ளே போனாலும் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்கும் கருவி உண்டு, தொட்டியில் மட்டம் குறைந்தால் அலறும் கருவி உண்டு. இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் தொங்கும். மின்சாரம், பேட்டரி இரண்டும் கைவிட்டால் அந்தக் கைப்பிடியைப் போட்டுப் பம்பைக் கையால் சுற்ற வேண்டும். இன்னொருவரின் இதயத்தைக் கையால் சுற்றுவது!

பள்ளிப் பாடத்தில் தனித்தனி அத்தியாயமாக இருக்கிற ரத்த ஓட்டம், சுவாசம், கழிவு நீக்கம், நரம்பு மண்டலம் எல்லாம் ஒரே மேஜையில், ஒரே நேரத்தில், எண்களாக ஓடும் வேலை இது. "என்ன செய்கிறது" என்று நோயாளியிடம் கேட்க வேண்டியதே இல்லை. அவர் தூக்கத்தில் இருப்பார்.

சிரமங்களையும் மறைக்க மாட்டேன். இதய அறுவை சிகிச்சை நடக்கிற மருத்துவமனையில்தான் இந்த வேலை இருக்கும், அதனால் இடங்கள் குறைவு. வேலைக்காக ஊர் மாற வேண்டியிருக்கலாம். நடு ராத்திரி அழைப்பு வரும். பல மணி நேரம் கண்ணை எடுக்க முடியாது. சில இதய அறுவை சிகிச்சைகள் இன்று பம்ப் இல்லாமலே நடக்கின்றன, சில வால்வுகளைத் தொடை வழியே குழாய் செலுத்தியே மாற்றுகிறார்கள். மறுபக்கம், நுரையீரல் முற்றிலும் செயலிழந்தவர்களை நாள்கணக்கில், வாரக்கணக்கில் தாங்கும் எக்மோ இயந்திரத்துக்கும், தானமாக வந்த உறுப்புகளை இயந்திரத்தில் வைத்துக் காப்பதற்கும் இதே ஆட்கள் தேவைப்படுகிறார்கள். இன்னொன்று: வெற்றிகரமாக முடிந்த அறுவை சிகிச்சைக்குக் குடும்பம் மருத்துவரின் கையைத்தான் பிடித்துக்கொள்ளும். பம்ப் பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது. உங்கள் மகளுக்கு அது பரவாயில்லை என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பரவாயில்லையா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும், அம்மா. "என் பெண் டாக்டர்" என்று மூன்று சொல்லில் சொல்லிவிடலாம். இதைச் சொல்லிப் புரிய வைக்க ஐந்து நிமிடம் ஆகும்.

சில நாடுகளில் இது நேரடிப் பட்டப்படிப்பு, சில நாடுகளில் ஒரு பட்டத்துக்கு மேல் படிப்பது. எங்கே சேர்ந்தாலும் விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு மூன்று விஷயங்களை நேரில் போய்க் கேளுங்கள். அங்கேயே இதய அறுவை அரங்கு இருக்கிறதா, வாரத்துக்கு எத்தனை நடக்கிறது? மாணவர்கள் பம்ப் பக்கத்தில் நிற்கிறார்களா, கண்ணாடிக்கு வெளியேயா? அந்தப் பட்டத்தை உரிய ஒழுங்குமுறை அமைப்பு அங்கீகரித்திருக்கிறதா? அரங்கே இல்லாத இடத்தில் இந்தப் படிப்பைப் படிப்பது, கிணறு இல்லாத ஊரில் நீச்சல் பழகுவது போல. எவ்வளவு குறைந்த கட்டணம் என்றாலும் சேராதீர்கள்.

கிப்பனின் இயந்திரம் எல்லோர் கைக்கும் வருவதற்கு முன், 1954இல் மினசோட்டாவில் லில்லஹெய் என்ற அறுவை மருத்துவர் வேறொரு வழி கண்டார். குழந்தையை ஒரு மேஜையிலும், பெற்றோரில் ஒருவரைப் பக்கத்து மேஜையிலும் படுக்க வைத்து, இருவரின் ரத்த ஓட்டத்தையும் குழாயால் இணைத்தார். பெற்றவரின் நுரையீரல்தான் குழந்தைக்கு ஆக்சிஜனேட்டர். பிள்ளைக்காக மூச்சு விடுவது என்பது நிஜமாகவே நடந்திருக்கிறது. தையல் முடிந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிடுவார்கள்.

அடுத்த வாரம் வாருங்கள். அதற்குள் எனக்குத் தெரிந்த பெர்ஃபியூஷனிஸ்ட் ஒருவரிடம் பேசி, உங்கள் மகள் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து கேள்வி கேட்க ஏற்பாடு செய்கிறேன். கேட்ட பிறகு பிடிக்கவில்லை என்றால் இதையும் விட்டுவிடுவோம், அது அவள் முடிவு. அவள் அப்பா அவசியம் வரட்டும், இந்த முறை முதலில் அவர்தான் பேசுவார். அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். என் அறையில் நாற்காலி மூன்றுதான், மாமாக்களிடம் சொல்லிவிடுங்கள்.