குடியை நிறுத்திய கணவருக்கு என்ன சாப்பாடு கொடுப்பது? சாப்பாட்டுக்கும் மனநிலைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உங்கள் கேள்வியில் விவரம் அதிகம் இல்லை. ஆனாலும் உங்கள் வீடு இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் குடி மறுவாழ்வு சென்டரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். கை நடுக்கம் நின்றிருக்கும், ஆனால் தட்டில் போட்டதைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவார். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு சொந்தக்காரர் "நல்லா ஆக்கிப் போடும்மா, தானா சரியாயிடும்" என்பார். இன்னொருவர் "சாப்பாட்டுல என்ன இருக்கு, மனசுல உறுதி வேணும்" என்பார். இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இரண்டும் தப்பு.

நேராகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு குடியை நிறுத்தாது. என் தம்பிக்கு நிறுத்தியது ஆஸ்பத்திரியும் மாத்திரையும் கவுன்சிலிங்கும், குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டமும்தான். ஆனால் நிறுத்தியதற்கு அப்புறம் அவன் மறுபடி அந்தப் பக்கம் போகாமல் இருந்ததில் என் அடுப்படிக்கும் பங்கு உண்டு. அதை இல்லை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். 2001-ல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் பாதிப் பேருக்கு வாழ்க்கை பெங்களூர் ரயிலில்தான். விடியற்காலையில் ஏறினால் ராத்திரி வீடு. என் தம்பியும் அப்படித்தான் எலக்ட்ரிக் வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தான். அலுப்புக்கு என்று ஆரம்பித்தது 90 மில்லி டெட்ரா பாக்கெட் சரக்கு. அப்புறம் எங்கள் வீட்டிலேயே, பெங்களூர் ஈஜிபுராவில், தங்கிக்கொண்டான். கடைசி வருஷங்களில் அவன் சாப்பாடு என்று எதையும் சாப்பிடவில்லை. குடிக்கும்போது தொட்டுக்கொள்ளும் டச்சிங்ஸ்தான். மிக்சர், ஊறுகாய், அவித்த வேர்க்கடலை. ஆள் பார்க்க ஒன்றும் ஒல்லியாக இல்லை. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது, அதனால் பசி தெரியாது, உடம்பும் வற்றாது. ஆனால் அதில் புரதம் கிடையாது, வைட்டமின் கிடையாது.

சாப்பாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் பி1 வைட்டமினைப் பற்றிக் கேளுங்கள். தயமின் என்பார்கள். நம் உடம்பு அதைச் சேர்த்து வைப்பதே இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். குடிக்கிறவர்களுக்குச் சாப்பாட்டில் வருவதும் குறைவு, வந்ததைக் குடல் உறிஞ்சுவதையும் ஆல்கஹால் கெடுத்துவிடும். அதனால்தான் ஆரம்பத்தில் மாத்திரையை நம்பாமல் ஊசியாகப் போடுகிறார்கள். பி1 ஒரேயடியாகக் குறைந்தால் குழப்பமாகப் பேசுவது, கண் ஒரு மாதிரி ஆடுவது, கால் தள்ளாடுவது எல்லாம் வரும். வெர்னிக்கே என்று பெயர். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தியே போய்விடும். பார்க்கிறவர்கள் "இன்னும் போதை தெளியலை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் ஏரியாவில் குடித்து விழுந்தவனுக்கு "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தினா தெம்பாயிடுவான்" என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போகிற பழக்கம் உண்டு. பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சநஞ்ச பி1-ம் செலவாகி நிலைமை மோசமாகலாம். இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த பி1 விஷயம் தெரிந்த பிறகுதான் நான் அரிசியை மாற்றினேன். பாலிஷ் போட்ட பச்சரிசியை விட்டுவிட்டுப் புழுங்கல் அரிசிக்கு வந்தேன். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டின அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதைக் கவனித்ததிலிருந்துதான் இந்த விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் பாட்டிமார்கள் புழுங்கல் சோற்றை விடாமல் ஆக்கிப் போட்டதற்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

முதல் சில வாரம் அவருக்கு வயிறு கொள்ளாது. அது வீம்பு இல்லை. இரைப்பையும் குடலும் புண்ணாகிக் கிடக்கும். தம்பி சொல்வான், "அக்கா, ரெண்டு வாய் போனா உள்ள பிசையுதுக்கா." தட்டு நிறையப் போட்டுப் பக்கத்தில் நின்றால் அவர்களுக்கு அவமானமாக இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். ராகிக் கஞ்சியில் மோர் விட்டு, குழைந்த பருப்புச் சோறு, இட்லி, கீரை மசியல், வாழைப்பழம். காரத்தைக் குறையுங்கள். மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் ரொம்ப மெலிந்து போனவராக இருந்தால், எவ்வளவு வேகமாகச் சாப்பாட்டைக் கூட்டலாம் என்று டாக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். அப்படிப்பட்ட உடம்பில் திடீரென்று நிறையப் போனால் ரத்தத்தில் பாஸ்பேட் மாதிரி உப்புகள் இறங்கி ஆபத்தாகலாம்.

வயிற்றுக்கும் மனசுக்கும் தொடர்பு என்றதும் மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனமான செரோட்டோனினைச் சொல்லி, "உடம்பின் செரோட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது உண்மை. ஆனால் அந்தச் செரோட்டோனின் மூளைக்குள் நேராகப் போகாது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பொருந்தி வந்தது. குடி, குடலின் உள்சுவரை ஓட்டையாக்குகிறது. பாக்டீரியாவின் நச்சுகள் அந்த வழியாக ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க அழற்சி வருகிறது. பெல்ஜியத்தில் குடியை நிறுத்த வந்தவர்களைப் பரிசோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். நிறுத்தி மூன்று வாரம் ஆன பிறகும், குடல் கசிவு அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் மனச்சோர்வும் பதற்றமும் குடிக்கிற ஏக்கமும் அதிகமாக இருந்தன. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "மனசுல உறுதி இல்லாதவன்" என்று என் தம்பியை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

மோர், பழையது எல்லாம் நல்லதுதான். 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் பத்து வாரம் புளித்த உணவு கொடுத்துப் பார்த்ததில் குடல் பாக்டீரியா வகைகள் கூடின, அழற்சி குறைந்தது. அது ஆரோக்கியமானவர்களிடம் செய்தது, குடிநோயாளிகளிடம் இல்லை. யாராவது கமென்ட்டில் சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இட்லியும் புளித்ததுதான் என்றாலும் அதில் இருக்கும் பாக்டீரியா ஆவியிலேயே செத்துவிடும், ஜீரணத்துக்கு லகு என்பதற்காகக் கொடுக்கலாம். மோரிலும் பழையதிலும்தான் அவை உயிரோடு இருக்கின்றன.

இனி நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது. என்ன கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது கொடுக்கிறோம் என்பது பெரிது. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும்தான் மறுபடி குடிக்க இழுக்கும் என்று ஏ.ஏ. கூட்டங்களில் சொல்வார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வரும் ஆண்பிள்ளைக்கு நாலும் ஒரே நேரத்தில் வருகிறது. தம்பி மத்தியானம் சைட்டில் எதையோ தின்றுவிட்டு, சில்க் போர்டு டிராஃபிக்கில் நின்று நின்று, அப்புறம் வீட்டுத் தெருமுனையில் இருக்கும் எம்.ஆர்.பி. சாராயக் கடையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். ராத்திரி ஒன்பது மணிச் சாப்பாடு அவனுக்கு எந்த வகையில் உதவும்?

அதனால் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தையே உடைத்தேன். வேலை முடிந்து கிளம்பும்போதே சாப்பிட பையில் ஒரு டப்பா: அவித்த முட்டை, வாழைப்பழம். வீட்டுக்குள் வந்ததும் குளிக்கக்கூட விடாமல் கொண்டைக்கடலைச் சுண்டலோ, அவரேக்காய் சீசனில் அவரைப்பருப்புப் போட்ட உப்புமாவோ, ராகி ரொட்டியும் கீரையுமோ. அவன் அதைச் சாப்பிட்டு முடிக்கும்போது முகம் மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "இப்ப பரவாயில்லக்கா, அந்த நமநமப்பு போயிடுச்சு" என்பான். வேர்க்கடலையும் மிக்சரும் மிளகுச் சிக்கனும் மட்டும் ரொம்ப நாள் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. நல்ல பொருள்தான், ஆனால் அந்த வாசனைக்கு அவன் நாக்கு வேறொன்றைத் தேடும். உங்கள் வீட்டுக்காரருக்கு எது டச்சிங்ஸாக இருந்ததென்று உங்களுக்கே தெரியும். அதைத் தள்ளி வையுங்கள்.

இனிப்பு கேட்பார். கொடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேளுங்கள். தம்பி பேக்கரி ஹனி கேக்கைக் குழந்தை மாதிரி கேட்டு வாங்கித் தின்றான், சில மாதத்தில் தானாகக் குறைந்தது. காப்பியைச் சாயங்காலத்துக்கு மேல் நிறுத்தினோம், தூக்கம் கொஞ்சம் சரியானது.

"லிவர் கெட்டவனுக்கு முட்டை கொடுக்காதே, பத்தியமாப் போடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். கல்லீரல் சுருக்கம் வந்தவர்களுக்குக்கூட ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும் என்றுதான் இப்போது சொல்கிறார்கள்.

முட்டை என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனர், ஈரக்குப்பை வாளியில் முட்டை ஓட்டைப் பார்த்துவிட்டு வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். வாடகைக்கு வரும்போது ஒன்றும் சொல்லவில்லை, எழுத்திலும் இல்லை. போகும்போது பெயிண்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். ஒரு மனுஷன் பிழைத்து எழுந்துகொண்டிருக்கும் வீட்டில் அவன் தட்டை எட்டிப் பார்க்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இந்த ஊரில் வீடு தேடுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும், யாரும் பேசுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பசி எடுக்கட்டும் என்று அரிஷ்டம், ஆசவம் மாதிரி ஆயுர்வேத மருந்துகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் தானாக ஊறிய ஆல்கஹால் இருக்கிறது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிராம் மாத்திரையை அவர் சாப்பிடுகிறவராக இருந்தால் அது பெரிய ஆபத்து. ரம்மில் ஊறவைத்த கிறிஸ்துமஸ் பிளம் கேக்கும் அப்படித்தான். "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்யும் பொடிகளைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதோடு, நீங்கள் போடும் சோற்றை அவர் சந்தேகப்பட ஆரம்பித்தால் நான் மேலே எழுதிய எதுவும் நடக்காது.

நான் டாக்டரோ டயட்டீஷியனோ இல்லை. ஆனால் "சாப்பாட்டால் மனசு மாறும் என்பதற்கு ஆதாரம் இருக்கா" என்று கேட்பவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் 2017-ல் வெளிவந்த ஸ்மைல்ஸ் ஆய்வில், மனச்சோர்வு உள்ள 67 பேரில் ஒரு பாதிக்கு 12 வாரம் காய், பருப்பு, மீன், முழுத்தானியம் என்று சாப்பாட்டை மாற்றினார்கள், மற்றவர்களுக்குப் பேச்சுத்துணை மட்டும். சாப்பாடு மாறியவர்களில் 32 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கும் சோர்வு விலகியது. சின்ன ஆய்வுதான். அவர்களில் பெரும்பாலோர் மருந்தோ கவுன்சிலிங்கோ நிறுத்தாமல்தான் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அவர் மறுபடி குடித்துவிட்டால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். தினம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கப்புறம் உளறலும் காய்ச்சலுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பெங்களூரில் இருந்தால் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வேறு ஊர் என்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம். போதை விஷயத்துக்குத் தனியாக 14446 இருக்கிறது. அவருக்குச் சர்க்கரையோ கல்லீரல் பிரச்சினையோ இருந்தால் கீழே எழுதுங்கள், நாங்கள் எந்த மாதிரி டாக்டரைப் பார்த்தோம், என்னென்ன கேட்டோம் என்று சொல்கிறேன்.