கலவர காலத்தில் மூலதனம் வெளியேறும் வழிகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், கலவரம் வெடித்ததும் முதலில் எந்தப் பணம் கிளம்பும்?

பதில்: விற்ற உடனே காசாகும் பணம். எகிப்தைப் பாருங்கள். 2011 ஜனவரி 25இல் போராட்டம் தொடங்கியது. 27ஆம் தேதி வர்த்தகத்தோடு பங்குச்சந்தையை மூடினார்கள். மார்ச் 23 அன்றுதான் திறந்தது. வெளிநாட்டார் கருவூல உண்டியல்களை (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்கள்) விற்று டாலருக்கு மாறினார்கள். ஆலை வைத்திருப்பவர் அதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, மறுமுதலீட்டை நிறுத்துவார். அந்தச் சேதம் எந்தக் கணக்கிலும் ஏறாது, ஆனால் வேலையிழப்பு அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: எகிப்தின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு அந்த ஒரே ஆண்டில் சுமார் 3,600 கோடி டாலரிலிருந்து 1,800 கோடியானதே. அத்தனையும் ஓடிய மூலதனமா?

பதில்: இல்லை. சுற்றுலா வருமானம் சரிந்ததால், இறக்குமதிக்குக் கட்டவே ஒரு பகுதி கரைந்தது. எச்ச முறையில் போடுங்கள், அதாவது உள்ளே வந்த பணத்தில் கணக்குத் தெரிந்த செலவைக் கழித்து, மிச்சத்தை ஓடியதாகக் கொள்ளுங்கள்: வெளிக்கடன் அதிகரிப்பையும் நிகர அந்நிய நேரடி முதலீட்டையும் கூட்டி, நடப்புக் கணக்குப் பற்றாக்குறையையும் (வணிகம், சேவை போன்றவற்றில் வரவைவிட வெளியே கட்டியது கூடிய அளவு) கையிருப்பு அதிகரிப்பையும் கழியுங்கள். கையிருப்பு குறைந்திருந்தால், குறைந்த தொகையைக் கழிக்காமல் கூட்டுங்கள். பலர் சறுக்குவது கடனில்: யென், யூரோ கடன்கள் டாலர் வீழ்ந்தாலே பெருத்துத் தெரியும். அதைச் சரிசெய்யாவிட்டால் இல்லாத ஓட்டம் கணக்கில் முளைக்கும்.

கேள்வி: வெளியே அனுப்பத் தடை போட்டால் நின்றுவிடாதா?

பதில்: சில வாரம் தாக்குப்பிடிக்கும். பிறகு இன்வாய்ஸ் வழியாகப் போகும். 10 லட்சம் டாலர் இயந்திரத்துக்கு 13 லட்சம் என்று பில் வாங்கி, வங்கி மூலம் முறைப்படியே கட்டினால் 3 லட்சம் வெளியே தங்கிவிடும். ஏற்றுமதியில் விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். இரு நாட்டுச் சுங்கப் பதிவுகளையும் ஒப்பிட்டால் பிடிபடும். ஆனால் சரக்குக் கட்டணம், காப்பீட்டுக்கு வழக்கமாக 10 சதவீதம் விடுங்கள். துபாய், ஹாங்காங் வழியாகப் போன சரக்கைத் தனியே பிரிக்காவிட்டால் ஒப்பீடே தவறாகும்.

கேள்வி: சண்டை ஓய்ந்தால் திரும்பிவிடுமா?

பதில்: சண்டை முழுக்க ஓய வேண்டும் என்றுகூட இல்லை, சொத்து கையில் நிற்கும் என்ற உறுதிதான் வேண்டும். உகாண்டாவில் 1972இல் இடி அமின் ஆசியர்களை விரட்டி, அவர்கள் சொத்தைப் பறித்தார். 1986இல் முசெவேனி ஆட்சிக்கு வந்தபின் அந்நியச் செலாவணி மாற்றகங்கள் அனுமதிக்கப்பட்டன. 90களில் கட்டடங்களும் ஆலைகளும் உரியவர்களிடம் திரும்பின. வடக்கில் கிளர்ச்சி நீடித்தபோதே தலைநகர் கம்பாலாவுக்குப் பணம் வந்தது. இப்படித் திரும்புவதில் ஒரு பங்கு அந்நிய முதலீடாகப் பதிவாகாமல், உறவினர் அனுப்பும் தொகையோடு தனியார் மாற்றுவரவில் (தனிநபர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தின் கணக்கு) கலந்துவிடும். அந்தக் கணக்கையும் பாருங்கள்.