மெயிலை அழித்தாயிற்று, பாஸ்வேர்டு?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். எங்களிடம் சரக்கு எடுக்கும் வெளியூர் வியாபாரி பெயரில் ‘பர்ச்சேஸ் ஆர்டர்’ என்று ஒரு மெயில் வந்தது. அதோடு வந்த இணைப்புக் கோப்பைத் திறந்தால் மங்கலாக ஒரு பில், அதன்மேல் ஜிமெயில் லாகின் கட்டம். பாஸ்வேர்டு போட்டேன், தவறு என்றது. மறுபடி போட்டதும் என் ஜிமெயில் திறந்துகொண்டது. ஆர்டரைக் காணோம். சந்தேகப்பட்டு மெயிலை அழித்துவிட்டேன். கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறியிருக்குமா? எப்படி நீக்குவது?

பதில்: முதலில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வாருங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வேண்டாம், உங்கள் போனிலேயே மாற்றுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மாற்றிவிட்டீர்களா? சரி. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் வந்தது எச்டிஎம்எல் கோப்பு, அதாவது ஒரு வலைப்பக்கம். பெயர் ‘ஆர்டர்.பிடிஎஃப்.எச்டிஎம்எல்’ என்பதுபோல் இருந்திருக்கும். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பு வகையைச் சொல்லும் கடைசி வாலை மறைத்துவிடுவதால் நம் கண்ணுக்கு பிடிஎஃப் என்றே தெரியும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்தக் கோப்பு இன்னும் கிடக்கலாம். அதைத் திறக்காமல், ஃபோல்டரின் மேலே ‘வியூ’, ‘ஷோ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்து பாருங்கள், வால் தெரிந்துவிடும்.

அந்த லாகின் கட்டம் கூகுளுடையதே அல்ல. உங்கள் கம்ப்யூட்டரில் இறங்கிய கோப்பே அதை வரைந்து காட்டியது. அப்போது மேலே முகவரிப் பட்டையில் கூகுள் பெயருக்குப் பதில் ‘ஃபைல்’ என்று தொடங்கி, சி டிரைவ், டவுன்லோட்ஸ் என்று ஓடியிருக்கும். நீங்கள் தட்டிய பாஸ்வேர்டு நேராகத் திருடனின் சர்வருக்குப் போய்விட்டது. முதல் தடவை ‘தவறு’ என்று சொன்னதும் நாடகம்தான். இரண்டு முறை ஒரே எழுத்துகள் வந்தால் சரியான பாஸ்வேர்டு என்று அவனுக்கு உறுதியாகிறது. பிறகு உங்களை உண்மையான ஜிமெயிலுக்குத் தள்ளிவிட்டான். நீங்கள் ஏற்கெனவே லாகினில் இருந்ததால் அது கேள்வி கேட்காமல் திறந்தது.

ஆகவே நீக்குவதற்கு அதிகம் இல்லை. அந்தக் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால் போதும். என் கவலை முழுக்க உங்கள் மெயில் பெட்டியைப் பற்றித்தான். பாஸ்வேர்டை மாற்றும் முன்பே அவன் உள்ளே நுழைந்து ஏதாவது செய்து வைத்திருந்தால், மாற்றிய பிறகும் அது அப்படியே இருக்கும்.

ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்ஸ்’ இரண்டையும் பாருங்கள். ‘பேமென்ட்’, ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் வரும் மெயில்களை வேறு முகவரிக்கு அனுப்பு, இன்பாக்ஸில் காட்டாதே என்று ஒரு விதி போட்டிருப்பான். நீங்கள் போடாத எதுவாக இருந்தாலும் அழியுங்கள். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் தெரியாத சாதனம் இருந்தால் வெளியேற்றுங்கள். மீட்பு போன் எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று சரிபாருங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதியும் கேட்கும் 2-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இன்றே போடுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. உங்கள் தொழிலில் ஒரே பில்லில் கிலோ கணக்கில் வெள்ளி போகிறது. திருடன் மெயில்களை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்து, பணம் வரும் நேரம் பார்த்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று உங்கள் பெயரிலேயே பார்ட்டிக்கு எழுதுவான். பாக்கி வரவேண்டிய எல்லாரையும் போனில் கூப்பிட்டு, கணக்கு எண் மாறவில்லை என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். பணம் கைமாறியிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த இணைப்பு ஜிப் அல்லது ரார் கோப்பாக வந்து, உள்ளே இருந்ததை நீங்கள் இரட்டைக் கிளிக் செய்தீர்களா? அப்படியானால் கதை வேறு. உள்ளே இஎக்ஸ்இ போன்ற புரோகிராம் இருந்திருந்தால், அது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு, நீங்கள் லாகினில் இருப்பதை நினைவில் வைக்கும் குக்கீ என்ற சிறு தகவல்களையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ கையில் இருந்தால் ஓடிபி இல்லாமலேயே கணக்குக்குள் நுழையலாம். அந்த நிலையில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிச் சுமார் 15 நிமிடம் ஓடும். எனக்கு அதோடு மனம் ஆறாது. டேலி டேட்டாவையும் பில்களையும் மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்வேன். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் போனிலிருந்து மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள்.

அப்புறம், அந்த மெயிலில் பெயர் இருந்த வியாபாரிக்கும் ஒரு போன் போடுங்கள். மெயில் அவருடைய உண்மையான முகவரியிலிருந்தே வந்திருந்தால், அவர் பெட்டி உங்களுக்கு முன்பே பறிபோயிருக்க வாய்ப்பு அதிகம். அது அவருக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம்.